போத்து

ஐப்பசி பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போதே
எங்களுக்கு அரிவாள் மாதம் தொடங்கிவிடும்.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை
என்று பேப்பரில் போடுகிறார்களே,
அந்த எட்டு மணி நேரமும்
நான் யாருடைய மரத்திலாவது இருப்பேன்.

கம்பியில் உரசுவது எதுவானாலும் வெட்டு என்பது உத்தரவு.
புங்கை, பூவரசு,
செம்மண்டலத்தில் அப்போதுதான் கொழுந்துவிட்ட மா.
கீழே நிற்கும் முகங்களை நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் கை நின்றுவிடும்.

டிரான்ஸ்பார்மரை ஒட்டிய தையல்கடை பிலோமினாவின் முருங்கை
போன புதன்கிழமை.
பூவும் பிஞ்சுமாய் இருந்தது.
ஒரு கிளை போதும்ப்பா என்றார்.
நானும் ஒரு கிளை என்றுதான் நினைத்தேன்.
முருங்கைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது,
ஒன்றைத் தொட்டால் மூன்று முறியும்.
வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக்
கேட்டார்:
"உன் கை விளங்குமா?"

இருபது வருஷத்தில் வாங்காத வசையா.
இது மட்டும் கையுறைக்குள் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வண்டியின் பின்னால்
அவர் முருங்கையில் மூன்று போத்து,
கம்மியம்பேட்டைப் பள்ளிக்கூடத்து முருங்கையில் இரண்டு,
ஒரு பூவரசு, ஒரு கட்டு நந்தியாவட்டைக் குச்சி.
புதுப்பாளையம் வரை தெரு கூட்டிக்கொண்டே வந்தேன்.
"விறகா?" என்றாள் அஞ்சலாட்சி.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு எட்டு.
முன்பு குடியிருந்தவர்களின் சிமெண்டுக் கட்டி,
பாதி வளையல், ஒரு பல் பிரஷ்,
அரை அடிக்குக் கீழே வெறும் கடல் மணல்.
பால்காரர் வீட்டில் கேட்டுச் சாணி கொண்டுவந்தாள்.
வெட்டுவாய் ஒவ்வொன்றுக்கும்
குழந்தைக்குத் தொப்பி போடுவதுபோல்
உருட்டி வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
மஞ்சள் டேப்பில் பால்பாயிண்டால்
எது எந்தக் கம்பத்தடி மரம் என்று
நம்பர் எழுதிச் சுற்றினேன்.

பிறகு புயல். அதற்கு யாரோ
அழகான பெயர் வைத்திருந்தார்கள்.
எங்களை ஆலப்பாக்கம் பக்கம் அனுப்பினார்கள்.
பள்ளி பெஞ்சில் படுத்து, பொட்டலம் சாப்பிட்டு,
நாலு நாளில் அறுபத்து மூன்று கம்பம் நட்டோம்.
எதுவும் துளிர்க்காது என்று தெரிந்து நடுவதில்
ஒரு நிம்மதி இருக்கிறது.

திரும்பியபோது தோட்டம் என்று ஒன்றில்லை.
குடத்தால் இறைத்து இறைத்து
அஞ்சலாட்சியின் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.
நந்தியாவட்டை எங்கே போனதோ.
பூவரசு அசையாமல் நின்றது, அதற்கு இதெல்லாம் சகஜம்.
முருங்கையைப் பிடித்து இழுத்தால்
தோல் கையோடு வந்தது, அழுகல் வாடை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவதை இழுக்கவில்லை.
கணுவில் எறும்புத் தலை அளவுக்குப் பச்சை.
டேப்பைப் பிரித்தேன்.
மை கரைந்து வெறும் மஞ்சள்.
பள்ளிக்கூடத்துடையதா, அவருடையதா,
எதைப் பார்த்துச் சொல்வது?

மறுநாள் தையல்கடை வழியே போனேன்.
நான் மொட்டையடித்த அடிமரத்திலேயே
ஏழெட்டுத் துளிர் விட்டிருந்தது.
மிஷினில் இருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டார்:
"உங்க வீட்டுக்கு கரண்ட் வந்துடுச்சாப்பா?"
"இன்னும் இல்லைங்க."
அதற்கு மட்டும் சிரித்தார்.

ராத்திரி டார்ச்சோடு பின்பக்கம் போனேன்.
குச்சிக்கு நேர் மேலே பதினெட்டு அடியில்
எங்கள் தெருவின் கம்பி.
நடும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை,
நானே.
இரண்டு ஐப்பசி போதும் அதற்கு.
இரண்டடி தள்ளி வைக்கலாம், இப்போதே.
வேர் பிடிக்கிற நேரம், அசைக்கக் கூடாது என்கிறாள்.

டார்ச்சை அணைத்தேன்.
யாரை அனுப்புவார்களோ.